கடல் தண்ணீர் மாதிரி உப்பு: தம்பிக்குப் பாஸ்தா கற்றுக்கொடுத்த கதை (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

இது ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரான கீழக்கரையில் எங்கள் வீட்டில் நடந்தது. வீட்டில் உம்மா, நான், தம்பி. பகலில் பெரும்பாலும் பெரியம்மாவும் இருப்பார். வாப்பா வளைகுடாவில் வேலை பார்க்கிறார். எங்கள் ஊரில் பெண்பிள்ளை திருமணத்துக்குப் பிறகும் தாய்வீட்டிலேயே இருப்பது வழக்கம் என்பதால் நானும் அங்கேதான் இருக்கிறேன். தம்பிக்கு 17 வயது, என்னைவிட 8 வயது சின்னவன். என்னை லாத்தா என்று கூப்பிடுவான். பெயரைப் போடக்கூடாது என்பது அவன் போட்ட ஒரே நிபந்தனை.

சென்ற ஆண்டு 12-ஆம் வகுப்புத் தேர்வு முடிந்து வீட்டில் இருந்தான். ஜூலையில் சென்னையில் கல்லூரி. விடுதி கிடைக்கவில்லை, வேறு இரண்டு பையன்களோடு அறை எடுத்துத் தங்குவது என்று முடிவானது. அறையில் ஒரு அடுப்பு உண்டு. அன்றைக்கு அவனுக்குத் தெரிந்த சமையல் தேநீர், நூடுல்ஸ், ஆம்லெட் ஆகிய மூன்றுதான். ஆம்லெட்டும் பாதி நாள் தோசைக்கல்லோடு ஒட்டிக்கொள்ளும்.

"சோறும் ஒரு ஆணமும் கற்றுக்கொடு" என்றார் உம்மா. (குழம்பை நாங்கள் ஆணம் என்போம்.) எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. ராமநாதபுரத்தில் ஒரு கடையில் நண்பர்களோடு பாஸ்தா சாப்பிட்டிருக்கிறான், அதுதான் வேண்டுமாம். பெரியம்மாவுக்கு ஆண்பிள்ளை அடுப்படிக்குள் வருவதே பிடிக்கவில்லை. ஆனாலும் அவர் வாய்விட்டு எதுவும் சொல்லாமல், வெற்றிலைப் பெட்டியோடு ஒரு நாற்காலியை அடுப்படி வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு அவன் பக்கமே சாய்ந்தேன். அவன் தானாகக் கேட்ட ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் இரண்டாம் நாளும் வருவான், நாமாகத் திணித்தால் வரமாட்டான் என்பது ஒரு காரணம். இன்னொன்று, யோசித்துப் பார்த்தால் அறையில் தங்குகிற பையனுக்குப் பாஸ்தா மோசமான தேர்வு இல்லை. பாக்கெட் மாதக்கணக்கில் கெடாது, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கொதிக்க வைப்பது, வடிப்பது, பூண்டு வதக்குவது, இறால் பதம் பார்ப்பது எல்லாம் அந்த ஒரே சமையலில் வந்துவிடுகிறது. இவை கைவந்தவனுக்கு ஆணம் தூரமில்லை.

எங்கள் அடுப்படியைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும், பின்னால் நடந்ததற்கு இரண்டும் காரணம். ஒன்று, வீட்டில் தராசு கிடையாது. உம்மாவுக்கு அளவெல்லாம் கைதான். இரண்டாவது, எங்களிடம் இரண்டு தண்ணீர் உண்டு. குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ அது போதும். குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணி, அதைக் குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்குகிறோம். உப்புத் தண்ணியில் பருப்பு வேகாது என்பது இந்தக் கரையோரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் தம்பிக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

நான் போட்ட திட்டம்

இணையத்தில் நாலைந்து காணொளிகளைப் பார்த்து, 11 படிகளாக ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன். பென்னே (சின்னக் குழாய் வடிவப்) பாஸ்தா, தக்காளி, பூண்டு, இறால். பாக்கெட் 500 கிராம், ஒரு தடவைக்கு 200 கிராம் என்று கணக்கு.

பாக்கெட் வாங்கும்போது பின்பக்கம் பார்த்து, டுரம் கோதுமை ரவையில் செய்தது என்று போட்டிருந்ததை எடுத்தேன். இத்தாலியில் உலர் பாஸ்தாவை டுரம் ரவையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அந்தக் கோதுமையில் புரதம் கூடுதல், அதனால் வெந்தாலும் கடிபடுகிற மாதிரி நிற்கும். மைதா கலந்த மக்ரோனி ஒரு நிமிடம் தாண்டினாலே குழைந்துவிடும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவனுக்கு அந்த ஒரு நிமிடம் தேவை. இந்த முழு விவகாரத்தில் நான் முதல் தடவையிலேயே சரியாகச் செய்தது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

தாளில் மூன்றாம் படி இப்படி இருந்தது: "தண்ணீர் கொதித்ததும் உப்புப் போடு. கடல் தண்ணீர் மாதிரி உப்பாக இருக்க வேண்டும்."

முதல் நாள்: உப்பு

மே மாதம் இரண்டாம் வாரம். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். நாட்டுப்படகுகள் கொண்டுவருவது மட்டும்தான் சந்தைக்கு வரும், இறால் விலை ஏறியிருக்கும். அப்படியிருந்தும் உம்மா கால் கிலோ வெள்ளை இறால் வாங்கித் தந்தார். மகன் முதல்முதலாகச் சமைக்கப்போகிறான் என்ற சந்தோஷம்.

தாளைப் பார்த்துச் செய்யட்டும் என்று நான் வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிட்டேன். அவன் பானையில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தான். கொதித்ததும் கல்லுப்பு ஜாடியைத் திறந்து ஒரு கை அள்ளிப் போட்டான். நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தான். இன்னொரு கை போட்டான். மறுபடி பார்த்தான். மூன்றாவது கை போட்டுவிட்டு, "இப்ப சரியா இருக்கு லாத்தா, வாலிநோக்கம் பீச் தண்ணி மாதிரியே இருக்கு" என்றான்.

நான் சிரித்தேன். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்துவிட்டேன்.

வெந்த பாஸ்தாவை வாயில் வைக்க முடியவில்லை. உம்மா ஒரு துண்டு கடித்துவிட்டுத் துப்பினார். பெரியம்மா, "கருவாடு மாதிரி இருக்கு" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அது மட்டும்தான். இறாலும் தக்காளியோடு கால் மணி நேரம் கொதித்து ரப்பராகிவிட்டது. ஆனால் இறாலில் உப்புப் போட மறந்திருந்தான், அதனால் அது மட்டும் பிழைத்தது. உம்மா அதைத் தேங்காய்ப்பால் ஆணத்தில் போட்டு ராத்திரிச் சாப்பாட்டை ஒப்பேற்றினார். 200 கிராம் பாஸ்தா குப்பைக்குப் போனது.

தம்பி மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ராத்திரி அந்தத் தாளை எடுத்துவைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. அவன் தாளில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறான்.

பாஸ்தாத் தண்ணீர் கடல் மாதிரி உப்பாக இருக்க வேண்டும் என்பது அந்தச் சமையலில் புழங்குகிற பேச்சு. உப்புத் தாராளமாகப் போடு என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. உண்மையில் லிட்டருக்கு 10 கிராம் என்பதுதான் பொதுவான அளவு. கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு இருக்கிறது, அதாவது மூன்று மடங்குக்கு மேல். கடலைத் தூரத்தில் இருந்து நினைத்துப் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பேச்சு ஒரு உவமை. மூன்று வயதிலிருந்து மன்னார் வளைகுடாவில் முங்கி எழுந்தவனுக்கு அது அளவு. கடல் தண்ணீரின் ருசி அவன் நாக்கில் துல்லியமாக இருக்கிறது. அந்த ருசி வரும் வரை உப்புப் போட்டான்.

கணக்குப் போட்டால் சேதம் தெரியும். 200 கிராம் பாஸ்தா வேகும்போது ஏறக்குறைய தன் எடை அளவுக்குத் தண்ணீரை உறிஞ்சும். லிட்டருக்கு 10 கிராம் உப்பு என்றால் உள்ளே போவது சுமார் 2 கிராம். கடல் அளவென்றால் 7 கிராம். இரண்டு மூன்று பேர் சாப்பிடுகிற ஒரு தட்டில் அது நிற்காது. இதற்கு மேல் இன்னொன்று. மறுநாள் கேட்டபோதுதான் தெரிந்தது, அவன் தண்ணீர் பிடித்தது குழாயில். "கொட்டப்போற தண்ணிதானே லாத்தா, அதுக்கு ஏன் நல்ல தண்ணி?" அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கொட்டப்போகிற தண்ணீர்தான், ஆனால் கொட்டுவதற்கு முன்னால் பாஸ்தா அதைக் குடித்துவிடுகிறது. இதைத் தாளில் நான் எழுதியிருக்கவில்லை. உம்மாவுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை என்பதால் எனக்கும் தோன்றவில்லை.

அன்று எடுத்த முடிவுகள்: வேண்டியது நல்ல தண்ணி. தடைக்காலம் முடியும் வரை பயிற்சிக்கு இறால் கிடையாது, தக்காளி மட்டும். உப்புக்கு வேறு உவமை. ஸ்பூன் கணக்கு சொல்லலாமா என்று பார்த்தேன். தூள் உப்பு ஒரு ஸ்பூன் தலை தட்டி எடுத்தால் சுமார் 6 கிராம். கல்லுப்புக்கு நடுவே காற்று இருக்கும், அதே ஸ்பூனில் குறைவாகத்தான் ஏறும், கல்லின் பருமனைப் பொறுத்து மாறவும் மாறும். ஆக ஸ்பூன் கணக்கு எங்கள் ஜாடிக்கு உதவாது. கடைசியில் அவனுக்குத் தெரிந்த ருசியிலேயே தேடினேன். மூன்றாம் படியில் கடலை அடித்துவிட்டு, "நோன்புக் கஞ்சி அளவு உப்பு" என்று எழுதினேன். முப்பது நாள் பள்ளிவாசல் கஞ்சி குடித்தவனுக்கு அந்த உப்பும் நாக்கில் இருக்கும்.

இரண்டாம் நாள்: கரண்டி என் கையில்

நாலு நாள் கழித்து மறுபடி வந்தான். வந்ததே பெரிது.

இந்தத் தடவை எதுவும் கெட்டுப்போகக்கூடாது என்ற பதற்றம் எனக்கு. அவன் பக்கத்திலேயே நின்றேன். பூண்டு சிவக்கிறது என்று தோன்றியபோது கரண்டியை வாங்கி நானே கிளறினேன். தீயைக் குறைத்தேன். தக்காளியில் உப்புப் பார்த்தேன். அவன் ஒரு தடவை, "எண்ணெய் மேல மிதக்குதே, கீழ இருக்கிற பாஸ்தாவுக்கு எப்படிப் போகும்?" என்று கேட்டான். நாலாம் படியில் 'ஒட்டாமல் இருக்கத் தண்ணீரில் ஒரு ஸ்பூன் எண்ணெய்' என்று எழுதியிருந்தேன். நல்ல கேள்வி. எண்ணெய் மிதக்கத்தான் செய்யும், ஒட்டாமல் இருக்க உதவாது. முதல் இரண்டு நிமிடம், மேல்மாவு கூழாகி ஒட்டப் பார்க்கிற நேரத்தில், விடாமல் கிளறினால் போதும். ஆனால் அன்றைக்கு நான் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. "போடச் சொன்னா போடு" என்றேன். எங்கள் இருவருக்கும் அது நினைவிருக்கிறது.

பாஸ்தா நன்றாக வந்தது. உம்மா இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். தம்பி சாப்பிட்டுவிட்டு, "நல்லா செஞ்சிருக்கீங்க லாத்தா" என்றான். நான் செய்திருக்கிறேனாம்.

சாப்பிட்ட பிறகு, தாளைப் பார்க்காமல் நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். தண்ணீர், உப்பு, பாஸ்தா வரைக்கும் சொன்னான். தக்காளி எப்போது போட்டது, வெந்துவிட்டது என்று எதைப் பார்த்து முடிவு செய்தது, எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. தெரியாததில் வியப்பில்லை. அந்த முடிவுகளையெல்லாம் எடுத்தது நான். முதல் நாள் பாஸ்தா குப்பைக்குப் போனது, ஆனால் உப்பு, தண்ணீர் இரண்டையும் அவன் மறக்கவேமாட்டான். இரண்டாம் நாள் வயிறு நிறைந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. நல்லபடியாக முடிந்த அந்த நாளைத்தான் இந்தப் பதிவில் தோல்வி என்று குறிக்கிறேன்.

முடிவு: இனி அடுப்படிக்குள் நான் கால் வைப்பதில்லை. பெரியம்மா நாற்காலிக்குப் பக்கத்தில் வாசற்படியில் உட்காருவது. அவன் கேட்டால் பதில், கேட்காவிட்டால் வாய் திறப்பதில்லை. கை சுடும், தீப்பிடிக்கும் என்றால் மட்டும் எழுந்திருப்பது. இது அவனுக்குப் போட்ட விதி மாதிரி சொன்னேன், உண்மையில் எனக்குப் போட்டுக்கொண்டது. பெரியம்மா என்னைப் பார்த்து, "கையைக் கட்டிக்கிட்டு உக்காரு புள்ள" என்றார்.

மூன்றாம் நாள்: ஆவி

எட்டி நின்று பார்க்கிற முடிவு சரி. ஆனால் அதற்கு முன்னால் எனக்குச் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருந்தது. செய்யாததன் பலன் அன்றைக்கே வந்தது.

பாஸ்தா வெந்தது. இரண்டு லிட்டர் கொதிநீர் உள்ள பானை. வடிப்பதை அவனுக்கு நான் செய்துகாட்டியதே இல்லை. முதல் இரண்டு நாளும் வடித்தது உம்மாதான், வழக்கம்போல் மூடியைத் துணியோடு அழுத்திப் பிடித்துச் சாய்த்து, கஞ்சி வடிக்கிற மாதிரி. 30 வருடக் கை அது. தம்பி அதைப் பார்த்திருக்கிறான், அதே மாதிரி சாய்த்தான். மூடி நழுவி ஆவி மணிக்கட்டில் அடித்தது. பானையைப் போட்டுவிடாமல் தொட்டிக்குள்ளேயே இறக்கினானே, அந்த அளவில் தப்பித்தோம்.

உம்மா பற்பசையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். நான் தடுத்தேன். குழாயைத் திறந்து மணிக்கட்டை 20 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் பிடிக்கச் சொன்னேன். சுட்ட இடத்தில் பற்பசை, மை, மாவு எதுவும் தடவக்கூடாது. சூட்டை வெளியே விடாமல் அடைத்துவைக்கும், புண்ணாகவும் வழி. ஐஸ்கட்டியும் வேண்டாம். ஓடுகிற சாதாரணத் தண்ணீர் போதும். அந்த உப்புத் தண்ணீர் குழாய்க்கு அன்றைக்குத்தான் ஒரு மரியாதை வந்தது. சிவந்திருந்தது, கொப்பளம் வரவில்லை. மூன்று நாளில் சரியாகிவிட்டது.

பாஸ்தா, இந்தக் கலாட்டாவில், தொட்டியிலேயே ஊறிக் களியாகிவிட்டது.

அன்று மாலை உம்மா வேறொரு குறையையும் எடுத்துவைத்தார். "ஒவ்வொரு தடவையும் ரெண்டு லிட்டர் நல்ல தண்ணியைச் சாக்கடையில ஊத்துறிய. குடத்துக்குக் காசு யாரு குடுக்குறா?" நியாயமான கேள்வி. இந்த இரண்டு சிக்கலுக்கும் சேர்த்து ஒரே விடை கிடைத்தது, அதைச் சொன்னது உம்மாவேதான், பாஸ்தா என்ற பெயரைக்கூடச் சரியாகச் சொல்லாத உம்மா. "எதுக்கு சாய்க்கிற? பூரி எடுக்கிற ஜல்லிக்கரண்டியில அள்ளி அந்தச் சட்டியில போட்டுட வேண்டியதுதானே?"

அப்படியே செய்வது என்று முடிவு. பானையைத் தூக்க வேண்டாம், சாய்க்க வேண்டாம். அடுப்பு இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒன்றிலிருந்து அள்ளி மற்றதில் போடுவது. மாவு இறங்கிய தண்ணீரும் பானையிலேயே மிஞ்சும், தக்காளி கெட்டியானால் அதில் ஒரு கரண்டி ஊற்றலாம். அந்த மாவுதான் தக்காளிச் சாற்றைப் பாஸ்தாவோடு ஒட்டவைக்கிறது. தண்ணீரையும் இரண்டு லிட்டரிலிருந்து ஒன்றேகால் லிட்டராகக் குறைத்தோம். நிறையத் தண்ணீர் வேண்டும் என்பது சம்பிரதாயம், குறைவான தண்ணீரிலும் வேகும், கிளறுவது மட்டும் கூடுதல். மிஞ்சியதை ஆறவைத்து உம்மா ராத்திரி ரொட்டி மாவு பிசைய எடுத்துக்கொண்டார், தனியாக உப்புப் போட வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அவர் குடத்துக் கணக்குக் கேட்கவில்லை.

நாலாவது, ஐந்தாவது

நாலாவது தடவையில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பாஸ்தா தயார், தக்காளி இன்னும் பச்சை. வரிசை மாறியதால் வந்த வினை. சாஸ் முதலில், அது தயாராகிக் காத்திருக்கலாம், பாஸ்தா காத்திருக்காது என்பதை அவனே கண்டுபிடித்தான். கைப்பேசியில் மணி வைத்தால் மணி அடிக்கிறவரை வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதை நான் கண்டுபிடித்தேன். கைப்பேசி கூடத்துக்குப் போனது, சுவர்க் கடிகாரம் போதுமென்று ஆனது.

ஐந்தாவது தடவை ஜூன் மூன்றாம் வாரம். தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போய்வரத் தொடங்கியிருந்தன. உம்மா மறுபடி இறால் வாங்கினார், இந்தத் தடவை அரை கிலோ. ஆளும் ஐந்து பேர், என் கணவரும் வந்திருந்தார். தம்பி தாளைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பார்க்கவில்லை.

இறாலை உரித்து, முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை எடுத்தான். தலைகளை எறியாமல் எண்ணெயில் வதக்கி அழுத்தினான், எண்ணெய் சிவந்தது. இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கே பார்த்தாய் என்று கேட்கவும் என் விதி இடம்தரவில்லை. சில்லி ஃப்ளேக்ஸ் வாங்கித் தரச் சொல்லி முதல் வாரம் அடம்பிடித்தவன், அன்றைக்கு வீட்டில் கிடந்த முண்டு மிளகாய் இரண்டைப் பிய்த்து விதையை உதறிவிட்டுப் பூண்டோடு போட்டான். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு, தடித்த தோல், நல்ல நிறம். கடைப் பாக்கெட்டில் இருக்கும் தூளுக்கு அந்த மணம் வராது என்பது என் அபிப்பிராயம்.

நான் கவனித்தது அவன் இறாலைப் பார்த்த விதம். முதல் நாள் கால் மணி நேரம் கொதிக்கவிட்டவன் இப்போது சட்டியின் மேல் குனிந்து நின்றான். கண்ணாடி மாதிரி இருந்த இறால் வெளுத்து, ஓரம் சிவந்து, அரைவட்டமாக வளைந்ததும் எடுத்துத் தனியே வைத்தான். முழு வட்டமாகச் சுருண்டுவிட்டால் தாண்டிவிட்டது என்று அர்த்தம். இரண்டு மூன்று நிமிட வேலைதான். பாஸ்தாவை, பாக்கெட்டில் 11 நிமிடம் என்று போட்டிருந்தாலும், 9-ஆவது நிமிடத்தில் ஒன்றை எடுத்துக் கடித்தான். நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு. "பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்" என்று பெரியம்மா வாசலில் இருந்து சொன்னார். அள்ளித் தக்காளியில் போட்டு, ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றி, இரண்டு நிமிடம் புரட்டி, கடைசியில் இறால்.

சீஸ் துருவட்டுமா என்று கேட்டான். இத்தாலியில் மீன், இறால் போட்ட பாஸ்தாவுக்குப் பொதுவாகச் சீஸ் போடமாட்டார்கள் என்றேன். கேட்டான், பதில் சொன்னேன், விதி மீறவில்லை. அவன் இரண்டு தட்டில் போட்டான், மூன்று தட்டில் போடவில்லை, எது நல்லது என்று எங்களையே கேட்டான். பெரியம்மா சீஸ் போட்டதைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "இடியாப்பத்துக்கு இது தேவலாம்" என்றார். அது பாராட்டா என்பது இன்றுவரை எங்கள் வீட்டில் தீராத வழக்கு.

சென்னையிலிருந்து

ஜூலை முதல் வாரம் போனான். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டான். அறையில் பாஸ்தா போட்டானாம். நன்றாக வந்ததா என்று கேட்டேன்.

"முதல்ல சப்புன்னு இருந்துச்சு லாத்தா. நம்ம வீட்ல போடுற அளவுதான் போட்டேன். நாக்குல வச்சுப் பாத்தா கஞ்சி உப்பு வரல. இங்க கேன் தண்ணி, வெறும் தண்ணியா இருக்கு. கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுப் பாத்துப் பாத்து சரி பண்ணிட்டேன்."

இதற்குள் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது, எனக்கே அப்போதுதான் பிடிபட்டது. எங்கள் நல்ல தண்ணியும் முழுக்க நல்ல தண்ணி இல்லை, லேசாகக் கரிக்கும். அதைக் குடித்தே வளர்ந்ததால் எங்களுக்குத் தெரிவதில்லை. நான் ஸ்பூன் கணக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் அவன் சென்னையில் அதே ஸ்பூனைப் போட்டு ருசியில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பான்.

ஆகஸ்டில் இன்னொரு செய்தி. அறைக்கூட்டாளிகளில் ஒருவன் தேனிப் பக்கத்துப் பையன், அவனுக்கும் சமைக்க ஆசை. தம்பி கற்றுக்கொடுக்கிறானாம். நோன்புக் கஞ்சி என்றால் அவனுக்குத் தெரியவில்லை. "அப்புறம் என்ன சொன்ன?" என்று கேட்டேன். "உங்க வீட்டு ரசத்துல எவ்வளவு உப்பு இருக்குமோ அவ்வளவுன்னு சொன்னேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆனா அவன் கிண்டுறதைப் பாத்துட்டுச் சும்மா நிக்க முடியல லாத்தா, கரண்டியைப் புடுங்கிட்டேன்" என்றான்.

வாரத்துக்கு இரண்டு நாள் சமைக்கிறார்கள். மற்ற நாள் மெஸ். ஆணம் வைக்கக் கற்றுக்கொண்டானா என்று உம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். இதுவரை ஒரு தடவை மீன் ஆணம் வைத்திருக்கிறான், புளி அதிகமாம். பாத்திரம் கழுவுவதில் மாத்திரம் எந்த முன்னேற்றமும் இல்லை என்று கூட்டாளிகள் வழியாகத் தகவல்.

மறுபடி செய்வதாக இருந்தால்

முதல் நாளே இறால் கொடுக்கமாட்டேன். வெறும் தண்ணீர், உப்பு, பாஸ்தா, அதை வேகவைத்து வெண்ணெய் போட்டுச் சாப்பிடுவது, அவ்வளவுதான். விலையான பொருள் சட்டியில் இருக்கும்போது சொல்லிக்கொடுக்கிறவருக்குக் கை துறுதுறுக்கிறது. இரண்டாம் நாள் நான் கரண்டியைப் பிடுங்கியதற்கு முதல் நாள் வீணான பொருளும் ஒரு காரணம்.

கொதிநீரைக் கையாள்வதை, மற்ற எதற்கும் முன்னால், பச்சைத் தண்ணீர் நிரப்பிய பானையை வைத்துச் செய்துகாட்டுவேன். இதை மட்டும் அவனாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட முடியாது. ருசியில் தவறினால் ஒரு வேளைச் சாப்பாடு போகும். இதில் தவறினால் கை போகும். ஒதுங்கி நிற்பது என்று தீர்மானித்த அன்று இந்த வித்தியாசத்தை நான் யோசிக்கவில்லை, அந்தச் சூட்டுக்கு நான்தான் பொறுப்பு.

தாளை எழுதுவதற்கு முன்னால் அவனிடம் கேட்டிருப்பேன்: உனக்கு எந்த உப்பு தெரியும், எந்தப் பதம் தெரியும். சோற்றுப் பதம், கஞ்சி உப்பு, இறால் சிவக்கிற நிறம் எல்லாம் அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு அரைகுறையாகவாவது தெரிந்திருந்தது. யாரோ எங்கோ சொன்ன கடலை நான் அவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன், கடல் எங்கள் தெருக்கோடியிலேயே இருக்கிறது என்பதை மறந்துவிட்டு.

எண்ணெய் கேள்விக்குப் போன மாதம்தான் பதில் சொன்னேன், தொலைபேசியில். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

இன்னொன்று, ஜல்லிக்கரண்டி இரண்டு வாங்கியிருப்பேன். போகும்போது அவன் உம்மாவுடையதை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டான். பெருநாளன்று பூரி சுடும்போதுதான் உம்மாவுக்குத் தெரிந்தது.